மகமைக் கணக்கும் மஸ்டர் ரோலும்: சிவகாசியைப் பற்றி நாங்கள் வாசித்த சில புத்தகங்கள்

சிவகாசியைப் பற்றி என்ன படிக்கலாம் என்று கேட்டு மாணவர்களிடமிருந்து எங்களுக்கு அடிக்கடி அழைப்பு வருகிறது. ஆய்வேட்டுக்காகக் கேட்பவர்கள் உண்டு. வெடிவிபத்துச் செய்தியைப் பார்த்துவிட்டு மனம் கேட்காமல் விசாரிப்பவர்களும் உண்டு. விருதுநகர், சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் களப்பணி செய்கிற நாங்கள் சிலர், ஓராண்டாக ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி இந்த மண்ணைப் பற்றிய புத்தகங்களை வாசித்து வருகிறோம். நாவல், ஆய்வு நூல், உச்ச நீதிமன்றத் தீர்ப்பு என்று கையில் கிடைத்ததையெல்லாம் படித்தோம். அவற்றைப் பற்றி எங்களுக்குத் தோன்றியதை இங்கே எழுதுகிறோம்.

எல்லாவற்றையும் ஒரே கேள்வியோடுதான் படித்தோம். இந்த ஊரின் கணக்கை யார் எழுதி வைத்தார்கள்? அந்தக் கணக்கில் யாருடைய பெயர் இருக்கிறது?

எங்களுக்கு இது ஆராய்ச்சிக்கான கேள்வி மட்டும் இல்லை. பட்டாசு ஆலையில் வெடித்தால், மருத்துவமனை வாசலிலேயே மஸ்டர் ரோல் பேச்சு வந்துவிடும். பெயர் இருந்தால் அவர் தொழிலாளி. பெயர் இல்லாவிட்டால், செத்துப்போனவர் அங்கே வேலை பார்த்தவர்தான் என்பதையே அவர் குடும்பம் நிரூபிக்க வேண்டும். வெம்பக்கோட்டைப் பக்கம் இப்படி அலைந்த குடும்பங்களோடு நாங்களும் அலைந்திருக்கிறோம். ஒரு நோட்டில் பெயர் எழுதப்படுவதும் எழுதப்படாமல் போவதும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதை அங்கேதான் கற்றுக்கொண்டோம்.

முதலில் எடுத்தது ராபர்ட் ஹார்ட்கிரேவ் எழுதிய 'தி நாடார்ஸ் ஆஃப் தமிழ்நாடு'. 1969இல் கலிபோர்னியா பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆங்கில நூல். "இன்னொரு சாதிப் பெருமைப் புத்தகத்தை நாம் எதற்குப் படிக்க வேண்டும்?" என்று எங்களில் இளைய தோழர் ஒருவர் கேட்டார். அந்தத் தயக்கம் நியாயமானதுதான். ஆனால் படித்து முடித்தபோது, இதைப் படிக்காமல் விருதுநகரையும் சிவகாசியையும் புரிந்துகொள்ள முடியாது என்று அவரே சொன்னார்.

ஹார்ட்கிரேவ் காட்டுகிற வரலாறு சுருக்கமாக இதுதான். கோயிலுக்குள் விடப்படாத ஒரு சமூகம். தென்திருநெல்வேலியிலிருந்து கருப்பட்டியும் உப்பும் கருவாடும் மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வடக்கே வருகிறார்கள். வழியில் கொள்ளை பயம். அதனால் தங்குமிடங்களில் வேலியடைத்து, கிணறு வெட்டி, வண்டியும் மாடும் சரக்கும் பத்திரமாக இருக்கப் பேட்டைகள் அமைக்கிறார்கள். பேட்டையைப் பயன்படுத்துகிறவர் தன் வியாபாரத்தில் ஒரு சிறு பங்கைப் பொதுநிதிக்குத் தர வேண்டும். அதுதான் மகமை. நிதியை நிர்வகிப்பது உறவின்முறை. சிவகாசி, விருதுபட்டி, திருமங்கலம், சாத்தங்குடி, பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை ஆகிய ஆறு ஊர்களில் இந்த ஏற்பாடு வேர் பிடிக்கிறது. மகமைப் பணத்தில் கிணறு வருகிறது, கோயில் வருகிறது, பள்ளிக்கூடம் வருகிறது. காமராசர் படித்த விருதுநகர் சத்திரிய வித்தியாசாலா இப்படி ஊர்ப் பொதுப்பணத்தில் எழுந்த பள்ளிதான். விருதுபட்டி 1923இல் விருதுநகர் ஆகிறது. 1910இல் நாடார் மகாஜன சங்கம், 1921இல் தூத்துக்குடியில் நாடார் வங்கி என்று அது வளர்ந்துகொண்டே போகிறது.

இந்தப் பக்கங்களை நாங்கள் இரண்டு முறை வாசித்தோம். பொறாமை என்று சொன்னாலும் பரவாயில்லை. ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று வாங்கி, கணக்கு எழுதி, ஆண்டுக்கணக்கில் அதைக் காப்பாற்றியதால்தான் எழுபது எண்பது ஆண்டுகள் கழித்து வந்த அமெரிக்க ஆய்வாளர் ஒருவருக்குப் பார்ப்பதற்கு ஏடுகள் இருந்தன. நம் தெருக்களில் கோயில் கொடைக்கு வரி வசூலிக்கிற நோட்டு இருக்கும். கொடை முடிந்த மறுநாள் அது எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

நூலின் நடுப்பகுதியில் இரண்டு வன்முறைகளும் ஒரு வழக்கும் வருகின்றன. 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம், இரண்டுக்கும் நடுவே தொடங்கிய கமுதி கோயில் வழக்கு. 1899 ஜூன் 6 அன்று சிவகாசியை ஆயிரக்கணக்கானோர் சூழ்ந்து தாக்கினார்கள். நூற்றுக்கணக்கான வீடுகள் எரிந்தன. இருபது பேருக்கு மேல் செத்தார்கள். இன்று பட்டாசு ஊர் என்று உலகம் அறிந்த ஊர், கோயில் நுழைவு கேட்டதற்காகக் கொளுத்தப்பட்ட ஊர் என்பது அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கே தெரியாது.

எங்களை அதிகம் பேச வைத்தது கமுதி வழக்குதான். 1897 மே மாதம் நாடார்கள் சிலர் கமுதி மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் நுழைந்தார்கள். ராமநாதபுரம் ராஜா பாஸ்கர சேதுபதி வழக்குத் தொடர்ந்தார். மதுரை சப்கோர்ட்டிலும் சென்னை உயர் நீதிமன்றத்திலும் நாடார்களுக்கு எதிராகவே தீர்ப்பு வந்தது. 1908இல் லண்டன் பிரிவி கவுன்சிலும் அதையே உறுதி செய்தது. தாங்கள் சத்திரியர்கள் என்பது நாடார் தரப்பின் வாதங்களில் ஒன்று. அதற்கு ஆதாரம் இல்லை என்றது நீதிமன்றம். அதோடு நிற்கவில்லை. இவர்கள் பள்ளர், பறையர், சக்கிலியருக்குச் சற்று மேலே இருப்பவர்கள், வேளாளர், மறவர் முதலானோருக்குக் கீழே இருப்பவர்கள் என்று ஏணிப்படியில் ஒரு கட்டம் போட்டுக் கொடுத்தது.

அந்தப் பத்தியை வாசித்தபோது அறை கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. நம் மூதாதையரின் பெயர் அந்த வழக்கில் வருகிற விதத்தைப் பாருங்கள். வாதியாக வரவில்லை, பிரதிவாதியாக வரவில்லை, சாட்சியாகவும் வரவில்லை. இன்னொருவரின் உயரத்தை அளக்கிற அடிக்கோடாக வருகிறது. எங்களோடு வாசிக்க வருகிற அக்கா ஒருவர், பதினெட்டு வருடம் பயர் ஆபீசில் திரி வேலை பார்த்தவர், ஒரே வரியில் கேட்டார்: "இம்புட்டுப் பெரிய பொஸ்தகத்துல நம்ம ஆளுக எங்க வாராக?" வருகிறார்கள், அக்கா. இப்படி வருகிறார்கள்.

ஹார்ட்கிரேவ் மீது எங்கள் குறை இதுதான். ஒரு சமூகத்தின் ஏற்றத்தை அவர் மிகுந்த உழைப்போடு எழுதினார். அந்த ஏற்றத்துக்கு மண் சுமந்தவர்கள் யார், அவர்கள் எந்தப் படியில் நின்றார்கள் என்பது அவருடைய கேள்வியாக இல்லை. சங்க அறிக்கைகளும் நீதிமன்ற ஆவணங்களும் அந்தக் கேள்வியைக் கேட்க வைக்கிற ஆவணங்களும் அல்ல.

இதைச் சொல்லும்போது இன்னொரு பக்கத்தையும் மறைக்கக் கூடாது. மூன்றாவது சுயமரியாதை மாநாடு 1931இல் நடந்தது விருதுநகரில்தான். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கிற பேருந்துகளுக்கு உரிமம் கிடையாது என்று நின்றவர். 1939 ஜூலை 8 அன்று வைத்தியநாத ஐயரோடு மதுரை மீனாட்சி கோயிலுக்குள் போனவர்களில் கக்கன் உள்ளிட்ட தலித்துகள் ஐந்து பேரோடு விருதுநகர் சண்முக நாடாரும் இருந்தார். பிரிவி கவுன்சில் போட்ட ஏணிக்கட்டம் 31 ஆண்டுகளுக்குப் பிறகு அந்த வாசலில் ஒரு நாளாவது கலைந்தது. அது ஏன் பேட்டையிலும் ஆலையிலும் கலையவில்லை என்று எழுதுகிற புத்தகம் இன்னும் எங்கள் கைக்கு வரவில்லை.

ஹார்ட்கிரேவ் விட்ட இடத்தைத் தொடுகிற நாவல் பூமணியின் 'அஞ்ஞாடி'. க்ரியா 2012இல் வெளியிட்டது. 2014ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்றது. ஆயிரம் பக்கத்துக்கு மேல் போகிற இதை முடிக்க எங்களுக்கு மூன்று மாதம் ஆனது. கழுகுமலையும் சிவகாசியும் இதிலும் எரிகின்றன. ஆனால் நாவல் தொடங்குவது பள்ளர் குடியில் பிறந்த ஆண்டியும் வண்ணார் குடியில் பிறந்த மாரியும் கொள்கிற நட்பில். காடு, கம்மாய், வெள்ளாவி, பசி, கள், கேலி என்று நகர்கிற அந்தப் பக்கங்களில்தான் 19ஆம் நூற்றாண்டுக் கரிசலை முதன்முதலாக நம் ஆட்களின் கண்வழியே பார்த்தோம். தாது வருடப் பஞ்சத்தைப் பாடப்புத்தகத்தில் 1876–78 என்று ஒரு வரியில் படித்திருக்கிறோம். இந்த நாவலில் அது குடும்பம் குடும்பமாக வருகிறது.

இதில் எங்களுக்குள் ஒரு சண்டையும் நடந்தது. நாவலின் பிற்பகுதியில் வழக்கும் ஆவணமும் நிறைய இடம் பிடிக்கின்றன. அங்கே ஆண்டியும் மாரியும் பிடித்து வைத்திருந்த கை நழுவிப் போகிறது என்றார்கள் சிலர். கலவரத்தின் முழு உருவத்தைக் காட்ட வேறு வழியில்லை என்றார்கள் மற்றவர்கள். நாங்கள் முதல் கட்சி. ஆவணம் பேச ஆரம்பித்தவுடன் மறுபடியும் ஆவணம் வைத்திருந்தவர்களின் கதையாகவே அது மாறுகிறது. பூமணியாலேயே அதைத் தடுக்க முடியவில்லை என்றால் அந்த ஆவணங்களின் பலம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

தன்னைத் 'தலித் எழுத்தாளர்' என்று அழைப்பதைப் பூமணி ஏற்பதில்லை. அது அவருடைய உரிமை. இதைக் காரணமாக்கி அவரைப் படிக்காமல் விடுகிற தோழர்களைப் பார்த்திருக்கிறோம். நட்டம் அவர்களுக்குத்தான். ஆயிரம் பக்கத்துக்கு மனம் ஒப்பாவிட்டால் 1979இல் வந்த 'பிறகு' நாவலில் தொடங்குங்கள். செருப்புத் தைக்கிற அழகிரியின் கதை. சுதந்திரம் வந்த பிறகு கரிசல் கிராமத்தின் சக்கிலியக்குடிக்கு என்ன வந்தது, என்ன வரவில்லை என்பதைக் குரலை உயர்த்தாமல் சொல்கிறது. 'அசுரன்' படம் வந்தபின் 'வெக்கை'யைத் தேடிப் பிடித்தவர்கள் அதிகம். 'பிறகு'வைத் தேடியவர்கள் குறைவு.

க. அ. மணிக்குமார் எழுதிய முதுகுளத்தூர் பற்றிய நூலும் இந்த வரிசையில் வர வேண்டியது. 1957இல் இந்தப் பகுதி எல்லாம் ஒரே ராமநாதபுரம் மாவட்டம். செப்டம்பர் 10 அன்று நடந்த சமாதானக் கூட்டத்துக்கு மறுநாள் இமானுவேல் சேகரன் கொல்லப்பட்டார். அந்தக் கொலையைத் தேர்தல் அரசியலோடும் நிலத்தோடும் சேர்த்து வாசிக்க இந்த நூல் உதவுகிறது. அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இனி தீப்பெட்டிக்கு வருவோம். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தொழில் கற்று, 1923இல் சிவகாசியில் தீப்பெட்டி ஆலை தொடங்கிய கதையைச் சொல்கிற புத்தகங்களுக்குக் குறைவில்லை. குட்டி ஜப்பான், வானம் பார்த்த பூமியில் உழைப்பால் எழுந்த ஊர். அதில் பொய் இல்லை. ஆனால் உழைப்பு என்ற சொல் அங்கே முதலாளியின் உழைப்பை மட்டுமே குறிக்கிறது. கட்டையில் குச்சி அடுக்கிய விரல்களைப் பற்றித் தெரிய வேண்டுமானால் வேறு அலமாரிக்குப் போக வேண்டும்.

அந்த அலமாரியில் முதலாவது, ஸ்மிது கோத்தாரி 1983இல் 'எகனாமிக் அண்ட் பொலிடிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை. தலைப்பிலேயே தீக்குச்சிகளில் ரத்தம் இருக்கிறது என்று சொன்ன கட்டுரை அது. 45,000 குழந்தைகள் என்ற எண் எண்பதுகளில் சிவகாசியோடு சேர்ந்தே புழங்கியது. இரண்டாவது, மைரன் வீனர் 1991இல் எழுதிய 'தி சைல்ட் அண்ட் தி ஸ்டேட் இன் இந்தியா'. மாணவர்கள் கட்டாயம் படிக்க வேண்டிய நூல். ஏழ்மையால்தான் குழந்தைகள் வேலைக்குப் போகிறார்கள் என்ற பழைய பாட்டை வீனர் ஏற்கவில்லை. இந்தியாவைவிட ஏழையாக இருந்த நாடுகள்கூடக் கட்டாயக் கல்வியைக் கொண்டுவந்துவிட்டன. இங்கே தடையாக இருந்தது அதிகாரிகளும் படித்த நடுத்தர வர்க்கமும் வைத்திருந்த நம்பிக்கை என்கிறார். கைவேலை செய்யப் பிறந்தவர்கள் ஒரு பக்கம், படிக்கப் பிறந்தவர்கள் இன்னொரு பக்கம் என்ற நம்பிக்கை. அதன் பெயர் என்ன என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

தொழிலின் அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இயந்திரத்தில் தீப்பெட்டி செய்கிற பெரிய கம்பெனிக்கு ஒரு வரி, கையால் செய்கிற சிறிய ஆலைக்குக் குறைந்த வரி என்று அரசு நெடுங்காலம் வைத்திருந்தது. சிறுதொழிலைக் காக்கும் நோக்கம்தான். ஆனால் இயந்திரத்தோடு போட்டி போட்டது எது? கிராமத்துப் பிள்ளையின் விரல். அதன் கூலி எவ்வளவு குறைவோ அவ்வளவு தாங்கியது அந்தப் போட்டி.

எம்.சி. மேத்தா எதிர் தமிழ்நாடு அரசு வழக்கின் இரண்டு தீர்ப்புகளையும் புத்தகம் போலவே உட்கார்ந்து வாசித்தோம். சட்டம் படிக்காதவர்களும் வாசிக்கலாம், பெரிய நடை இல்லை. 1990 அக்டோபர் 31 தீர்ப்பு, தயாரிப்பு வேலையில் குழந்தைகள் கூடாது என்கிறது. ஆனால் தயாரிப்பு இடத்துக்கு அப்பால் வைத்துப் பெட்டி அடுக்க, பிரித்துக் கட்ட அவர்களை வைத்துக்கொள்ளலாம் என்கிறது. அந்த வேலைக்குப் பிஞ்சுக் கைகள் பொருத்தமானவை என்ற கருத்தையும் அதில் பார்க்கலாம். கூலி, பெரியவர்களின் குறைந்தபட்சக் கூலியில் 60 சதவீதமாவது இருக்க வேண்டுமாம். நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் 1990இல் இப்படி நினைத்தது என்பதை நம் மாணவர்கள் கண்ணால் படிக்க வேண்டும். ஆறு ஆண்டு கழித்து, 1996 டிசம்பர் 10 அன்று வந்த தீர்ப்பு வேறு. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அரசு அந்த வீட்டில் பெரியவர் ஒருவருக்கு வேலை தர வேண்டும், முடியாவிட்டால் 5,000 ரூபாய் செலுத்த வேண்டும் என்றது. இந்த இடைவெளியில் நீதிமன்றத்தை நகர்த்தியது எது என்பதே ஒரு நல்ல ஆய்வுத் தலைப்பு.

ஆனால் இந்த இரண்டு தீர்ப்புகளிலும் சாதி ஒரு பொருட்டாக வரவில்லை. குழந்தை என்றால் குழந்தை, எந்தத் தெருக் குழந்தை என்ற கேள்வி இல்லை. எல்லாச் சாதி ஏழைகளும் ஆலைக்குப் போனார்கள், இன்றும் போகிறார்கள். நாயக்கர், தேவர் வீட்டுப் பெண்களும், நாடார்களிலேயே இல்லாதப்பட்டவர்களும் மருந்தோடுதான் புழங்குகிறார்கள். அதை மறைத்துப் பேசினால் நாம் உண்மையை விட்டவர்கள் ஆவோம். ஆனால் காலையில் ஆலை வேன் வந்து நிற்கிற இடத்தை வைத்து, அது எந்தத் தெரு முனை என்று சொல்லிவிடலாம். நிலம் இல்லாத தெருவுக்கு வேறு வேலை இல்லை. நிலம் ஏன் இல்லை என்பது நீதிமன்றத்தில் யாரும் கேட்காத கேள்வி.

அந்த வேனுக்குள் ஏறிப் பார்த்த புத்தகம் பாமாவின் 'சங்கதி'. 1994இல் வந்தது. பாமா வத்திராயிருப்புக்குப் பக்கத்துப் புதுப்பட்டிக்காரர், நம் மாவட்டம். 1992இல் வந்த 'கருக்கு' எல்லாருக்கும் தெரியும், கல்லூரிகளில் பாடமாகவும் இருக்கிறது. அந்தப் புகழின் நிழலில் 'சங்கதி' கொஞ்சம் மறைந்துவிட்டது. எங்களுக்கு 'சங்கதி'தான் பெரிய புத்தகம். அதில் மைக்கண்ணி என்று ஒரு சிறுமி. தீப்பெட்டி ஆபீசுக்குப் போய் வீட்டைத் தாங்குகிறவள். அம்மாவுக்குப் பிள்ளை பிறந்தால் வேலையை நிறுத்திவிட்டுப் பிள்ளை பார்க்கிறவள், பிறகு மறுபடியும் ஆபீசுக்குப் போகிறவள். அவளை வைத்து நம்மை அழவைக்கப் பாமா முயலவில்லை. அவள் துடுக்கைச் சொல்கிறார், அவள் ஆசைகளைச் சொல்கிறார், வாங்கிய அடியைச் சொல்கிறார்.

45,000 என்று எழுதினால் ஒரு தொழில் தெரிகிறது. மைக்கண்ணியை எழுதும்போது, அவள் அப்பனின் அடியும் முதலாளியின் கூலியும் ஒரே நாளில் எப்படி வந்து சேர்கின்றன என்பது தெரிகிறது. நம் இயக்கக் கூட்டங்களில் முதலாளியைப் பற்றிப் பேசுவது எளிது. அந்த அப்பனைப் பற்றிப் பேச மைக் கிடைப்பதில்லை. பாமா முப்பது வருடத்துக்கு முன்பே பேசிவிட்டார், அதுவும் நம் தெருப் பெண்கள் பேசுகிற அதே பேச்சில். எங்கள் குழுவில் பள்ளிப் படிப்பை ஐந்தாவதோடு நிறுத்திய பெண்கள் அகராதி தேடாமல், பொருள் கேட்காமல் வாசித்த ஒரே புத்தகம் இது. சில இடங்களில் விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'கெட்ட வார்த்தை' நிறைய என்று முகம் சுளிப்பவர்கள் எங்கிருந்து வாசிக்கிறார்கள் என்று எங்களுக்குப் புரிந்தது.

அதே புதுப்பட்டியிலிருந்து, அதே குடும்பத்திலிருந்து வந்தவர் ராஜ் கௌதமன். பாமாவின் அண்ணன். 2024 நவம்பரில் மறைந்தார். அவருடைய 'சிலுவைராஜ் சரித்திரம்' 2002இல் வந்த தன்வரலாற்று நாவல். தலித் வாழ்க்கையை இவ்வளவு எள்ளலோடு, தன்னையும் விட்டுவைக்காமல் எழுத முடியும் என்று காட்டியவர். சிலுவை படிக்கிறான், பட்டம் வாங்குகிறான். கிறிஸ்தவன் என்று காகிதத்தில் இருப்பதால் பட்டியல் சாதிச் சலுகை கிடையாது. ஊரில் பறையன் என்று நடத்துவதற்கு அந்தக் காகிதத்தை யாரும் கேட்கவில்லை. 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிக்கு மதத்தை ஒரு நிபந்தனையாக வைத்தது. 1956இல் சீக்கியர்களும் 1990இல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் இன்றும் வெளியே. இதை எத்தனையோ கருத்தரங்குகளில் கேட்டிருக்கிறோம். சிலுவைராஜோடு சான்றிதழுக்காக அலையும்போதுதான் அது உறைத்தது. நாவல் நீளம், சில பகுதிகளில் நண்பர்கள் அரட்டை இழுக்கிறது. இருந்தாலும் வேலை தேடிக்கொண்டிருக்கிற இளைஞர் யாராக இருந்தாலும் இதைப் படிக்கும்போது தனியாக இருக்க மாட்டார்.

நாங்கள் தேடிக் கிடைக்காத புத்தகம் ஒன்று உண்டு. பட்டாசுத் தொழிலாளியின் பக்கத்திலிருந்து எழுதப்பட்ட சிவகாசி வரலாறு. 2012 செப்டம்பர் 5 அன்று முதலிபட்டியில் நடந்த விபத்தில் நாற்பது பேர் வரை இறந்தார்கள். முதல் வெடிக்குப் பிறகு உதவ ஓடிவந்தவர்களும் அதில் அடக்கம். அன்று பத்திரிகைகளில் பக்கம் பக்கமாகச் செய்தி வந்தது. பிறகு விசாரணை, அறிக்கை, நிவாரணம். அந்த நாற்பது பேரும் எந்த ஊர், எந்தத் தெரு, எத்தனை வருட வேலை, முன்பணம் எவ்வளவு வாங்கியிருந்தார்கள் என்று ஒரே இடத்தில் எழுதிய ஒரு சிறு நூலைக்கூட நாங்கள் பார்க்கவில்லை.

ஏன் இல்லை என்பதற்கு விடை தொழில் நடக்கிற முறையிலேயே இருக்கிறது. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். அவர் ஆலையை உள்குத்தகைக்கு விடுவார். எடுத்தவர் அறை அறையாகப் பிரித்து இன்னும் சிலருக்குக் கொடுப்பார். ஓர் அறைக்கு இத்தனை பேர்தான் என்று விதி உண்டு. குத்தகை எடுத்தவருக்கு நாள் கணக்கில் லாபம் வர வேண்டும், அதனால் அறையில் ஆள் கூடும், மரத்தடியிலும் வேலை நடக்கும். கூடுதல் ஆளின் பெயரை மஸ்டர் ரோலில் எழுதினால் விதிமீறலுக்குத் தானே சாட்சி எழுதிக் கொடுத்ததாகும். எனவே பெயர் எழுதப்படாது. வீட்டில் வைத்துத் திரி செய்து கொடுக்கிற பெண்ணின் பெயர் எந்த நோட்டிலும் கிடையாது. மகமைக்கு மூட்டை தவறாமல் கணக்கு எழுதப்பட்ட அதே மண்ணில்தான், ஆளுக்குக் கணக்கு எழுதாமல் இருப்பது தொழிலின் ஒரு பகுதியாக இருக்கிறது.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் பேரியம் சேர்த்த பட்டாசையும் சரவெடியையும் தடை செய்த தீர்ப்பையும் இதோடு சேர்த்து வாசித்தோம். 2015இல் அந்த வழக்கைப் போட்டது டெல்லியைச் சேர்ந்த மூன்று பச்சைக் குழந்தைகளின் பெயரில், அவர்கள் அப்பாமார்கள். தங்கள் நுரையீரலுக்காக அந்தக் குழந்தைகள் மனுதாரர்களாகவே நின்றார்கள். அவர்கள் கேட்ட சுத்தமான காற்று நம் பிள்ளைகளுக்கும் வேண்டும், அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. ஆனால் எம்.சி. மேத்தா வழக்கில் சிவகாசிக் குழந்தைகளுக்காக ஒரு டெல்லி வழக்கறிஞர்தான் போக வேண்டியிருந்தது. இங்கிருந்து ஒரு குழந்தை தன் பெயரில் மனு போடவில்லை. தடைக்குப் பிறகு ஆலைகள் மூடிக் கிடந்த மாதங்களில் வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைப் பக்கத்துப் பெண்கள் எப்படிக் குடும்பம் நடத்தினார்கள் என்பதும் எழுதப்படவில்லை.

அதனால் வாசிப்போடு நிறுத்தாமல் சேகரிக்கவும் தொடங்கியிருக்கிறோம். பழைய சம்பளக் கவர், ஈ.எஸ்.ஐ. அட்டை, பி.எஃப். சீட்டு, போனஸ் தாள், முன்பணம் வாங்கியதற்கு எழுதிக் கொடுத்த துண்டுச் சீட்டு, சங்க நோட்டீசு, விபத்துக்குப் பின் வந்த ஆட்சியர் அலுவலகக் கடிதம், ஆலை வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் போட்டோ. உங்கள் அம்மாவோ அப்பத்தாவோ தீப்பெட்டி ஆபீசுக்கோ பயர் ஆபீசுக்கோ போனவராக இருந்தால் டிரங்குப் பெட்டியைத் திறந்து பாருங்கள். மூலத்தை யாருக்கும் கொடுக்க வேண்டாம். இரண்டு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு, எந்த வருடம், எந்த வேலை, நாளுக்கு எவ்வளவு கூலி, கூட வேலை பார்த்தவர்கள் யார் யார் என்று அவர்கள் சொல்வதைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். அவர்கள் பெயரை வெளியிடலாமா என்று கேட்டு, அதற்கு அவர்கள் சொன்ன பதிலையும் அந்த நோட்டிலேயே எழுதி வையுங்கள்.